ஹம்: கோபுரத்துக்கு முந்தின நகரம்

ஜேர்மனியில இருக்கிற சொந்தக்காரர் "ஹம் கோயில் தேருக்குப் போறம்" எண்டு படம் அனுப்புவினம். ஹம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில், 2002 இல் குடமுழுக்கு, தீர்த்தத்துக்கு ஒரு கால்வாய். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நாங்கள் யோசித்ததில்லை.

அது ஏறக்குறைய 180,000 பேர் வாழும் தொழில் நகரம். 1226 இல் தொடங்கிய பழைய ஊர்தான். ஆனாலும் அதன் முகத்தை மாற்றியது 1847 இல் வந்த ரயிலும் பிறகு வந்த நிலக்கரியும். பெரிய ரயில் சந்தி என்பதாலேயே இரண்டாம் உலகப் போரில் திரும்பத் திரும்பக் குண்டு விழுந்தது.

கரியின் கதையில் ராட்பொட் சுரங்கத்தைக் கடந்து போக முடியாது. 1905 இல் தோண்டத் தொடங்கிய சுரங்கம் அது. மீதேன் வாயு அதிகம் என்பது தெரிந்த விசயம். 1908 நவம்பர் 12 அதிகாலை, இரவு வேலைக்காரர் கீழே நிற்கும்போதே வெடித்தது. ஏறக்குறைய 350 பேர் இறந்தார்கள். தீ அடங்கவில்லை. கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டு நிரப்பினார்கள், பெரும்பாலான உடல்கள் உள்ளே கிடக்கவே. மேலே காத்து நின்ற குடும்பங்களுக்கு அந்தத் தண்ணீர் என்ன சொல்லியிருக்கும்? பிறகு நீரை இறைத்து, உடல்களை எடுத்து, அதே சுரங்கத்தில் திரும்பவும் கரி வெட்டினார்கள். 1990 வரைக்கும்!

ரூர்ப் பகுதிச் சுரங்கங்களுக்குப் போலந்து மொழி பேசுபவர்கள் வந்தார்கள், 1960களில் துருக்கியர் வந்தார்கள். எங்கட ஆக்கள் அகதிகளாக வந்து சேர்ந்த காலத்தில் கரி முடியத் தொடங்கிவிட்டது. ஹம்மின் கடைசிச் சுரங்கம் 2010 இல் மூடப்பட்டது. கோயில் இருக்கிற ஊன்ட்ரொப், 1975 இல்தான் நகரத்தோடு இணைந்த பகுதி. அங்கே 1980களில் இயங்கத் தொடங்கிய அணு உலையொன்று சில வருடங்களிலேயே நின்றுபோனது. இன்னொரு பக்கம், மக்ஸிமிலியன் சுரங்கத்தின் கரி கழுவும் கட்டடத்தை 1984 இல் பெரிய கண்ணாடி யானையாக்கினார்கள். அம்பாளுக்கு முன்னமே பிள்ளையார் வந்திட்டார் எண்டு நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

ராட்பொட்டில் சுரங்க வாயில்களுக்கு மேலிருந்த மூன்று இரும்புக் கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. இந்த முறை தேருக்குப் போறவையிட்ட, அதையும் ஒருக்காப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறம்.