ஆலையும் ஆடரங்கும்

சங்க இலக்கியத்தில் 'ஆலை' கரும்பு பிழியும் இடத்தைக் குறித்தது. பஞ்சாலையைக் குறித்தது பிற்கால வழக்கு. பஞ்சாலைகள் மூடப்பட்ட பின்னர், அவற்றின் கூரைகளின்கீழ் மின்னணு இசை ஒலிக்கும் இரவு விடுதிகள் தோன்றிய வரலாற்றை மும்பையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1982 சனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 இலட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஆலைநிலத்தை மாற்றுப் பயனுக்குக் கொள்வோர் மூன்றில் ஒரு பங்கை மாநகராட்சிக்கும் மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் தருதல் வேண்டும் என்பது 1991ஆம் ஆண்டு விதி. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பங்கீட்டைக் கட்டடமற்ற வெற்று நிலத்திற்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது. உச்ச நீதிமன்றம் 2006இல் அதனை ஏற்றது. கட்டடம் நின்ற நிலம் உடைமையாளர்க்கே என்றாயிற்று. தொழிலாளர்க்கு நேர்ந்த பேரிழப்பு இதுவே எனலாம்.

மதுராதாஸ் ஆலை வளாகத்தின் பழைய கிடங்கில் 2007இல் 'புளூ ஃபிராக்' அரங்கு திறக்கப்பெற்றது. சரக்குக்கென எழுந்த உயர்ந்த கூரையும் அகன்ற கூடமும் பேரொலிக்கும் பொருந்தின. (சரஞ்சித் சிங் மின்னிசைக் கருவிகளில் பத்து இராகங்களை மும்பையில் பதிவு செய்ததும் அதே 1982இல்தான்; அன்று அதனைக் கேட்டோர் மிகச் சிலரே.) அவ்வரங்கு 2016இல் மூடப்பட்டது. 2017 திசம்பர் 29இல் கமலா ஆலை வளாகக் கேளிக்கை விடுதிகளில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டனர்.

சென்னைப் பின்னி ஆலைத் தொழிலாளர்க்கென 1918இல் உருவான சங்கத்தைத் திரு.வி.க. தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் பதிவு செய்துள்ளார். பெங்களூர்ப் பின்னி ஆலையில் உழைத்த தமிழரின் வாய்மொழிச் சான்றுகளையும் விரைந்து திரட்டுதல் வேண்டும். ஆலை நின்ற இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.