இரண்டு மாடிக்கு அனுமதி, எழுந்தது ஏழு மாடி

வரதமாநதி அணைப் பக்கம் போனா, கொடைக்கானலுக்கு வரிசையா கார் ஏறுறதைப் பாக்கலாம். "இ-பாஸ் வேற எடுக்கணுமா?"ன்னு சலிச்சுக்கிறவங்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-ல தொடங்கின ஏற்பாடு அது. இந்த மலைக்காக கோர்ட் பேசினது அது முதல் தடவை இல்லைங்க.

தொண்ணூறுகள் தொடக்கத்துல கொடைக்கானல்ல பிளசன்ட் ஸ்டே ஓட்டல் கட்டினாங்க. அனுமதி இரண்டு தளத்துக்கு, எழுந்தது ஏழு. மலைப்பகுதிக் கட்டட விதிக்கு அது ஒத்துவராது. ஆனா 1994-ல அரசாங்கமே விதிவிலக்கு கொடுத்து ஓர் அரசாணை போட்டுச்சு.

அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது பழனி மலைப் பாதுகாப்புக் குழு. 'உன் வேலியை உடைச்சாங்களா, உனக்கென்ன நஷ்டம்?'னு கேட்டு வழக்கைத் திருப்பி அனுப்புற காலம் ஒண்ணு இருந்துச்சு. எண்பதுகள்ல உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்குக்குக் கதவைத் திறந்துவிட்ட பிறகு, ஊருக்கு வர்ற கெடுதலை ஊரார் யாரும் சொல்லலாம்னு ஆச்சு. அரசாணை செல்லாது, கூடுதல் மாடிகளை இடிக்கணும்னு உயர் நீதிமன்றம் சொல்ல, 1995-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது.

நிறையப் பேருக்கு இந்த ஓட்டல் பேரைச் சொன்னா 2000-தான் ஞாபகம் வரும். அந்தக் குற்ற வழக்குல ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை. அன்னைக்கு நடந்த கலவரத்துல தர்மபுரியில பஸ்ஸை எரிச்சாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூணு பேர் செத்துப்போனாங்க. வயல்ல நமக்குப் பக்கத்துல நின்னு வேலை சொல்லித் தந்திருக்க வேண்டிய பிள்ளைங்க. நினைச்சா இன்னமும் மனசு ஆறல. 2001-ல மேல்முறையீட்டுல ஜெயலலிதா விடுதலையும் ஆனார்.

ஆனா ரெண்டு வழக்கையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. குற்ற வழக்கு, ஆள் தப்பு செஞ்சாரான்னு கேட்கும். ரிட் மனு, ஆணை சட்டப்படி சரியான்னு மட்டும் கேட்கும். ஆள் விடுதலையானதால ரத்தான அரசாணைக்கு உயிர் வந்துடலை.

எனக்கு இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. மேலே சோலைக்காடு மழையைப் பிடிச்சு வெச்சு மெல்ல விட்டாத்தான் கீழே ஓடையில தண்ணி. அங்க கட்டடம் பெருகினா எங்க வாய்க்கால் காயும். நீதிபதி தானா முன்வந்து வழக்கை எடுக்குறதும் உண்டுதான்; ஆனா பெரும்பாலும் யாராவது மனுவோட போய் நிக்கணும். அன்னைக்குப் போய் நின்னவங்களுக்கு, கீழே இருக்கிற நாங்க இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லலை. அதான் இங்க எழுதி வைக்கிறேன்.