691 என்னும் எண்: அந்தமானின் டயல்-அப் காலம் குறித்து ஒரு குறிப்பு

அந்தமான் நிக்கோபாரின் இணைய வரலாறு பெரும்பாலும் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்குவதாகவே எழுதப்படுகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளும் கடலடி இழைவடம் தொடங்கிவைக்கப்பட்ட நாள் அது. போர்ட் பிளேரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட வேறு ஏழு இடங்களையும் அவ்வடம் இணைத்தது. அதற்கு முந்தைய காலத்தை ‘இணைப்பு மந்தம்’ என்ற இரு சொற்களில் கடந்துவிடுகிறோம். அக்காலத்தில் மந்தத்தினும் பெரிய இடர் ஒன்று இருந்தது: வாயிலிலேயே நின்றுவிடுவது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைப் பெருநகரங்களில் தொடங்கியது. சிற்றூர்களுக்கும் தீவுகளுக்கும் பின்னர் வந்து சேர்ந்தது தொலைபேசிக் கம்பிவழி டயல்-அப். மோடம் எண்ணைச் சுழற்றும். மறுமுனை மோடம் எடுக்கும். இரண்டும் இரைந்து வேகத்தை ஒத்துக்கொள்ளும். அதன் பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும்.

இந்நான்கு படிகளில் எது முறிந்தாலும் விண்டோஸ் ஓர் எண்ணைக் காட்டியது. 680 எனில் தொலைபேசியில் ஒலியே இல்லை. 676 எனில் மறுமுனை வேறோர் அழைப்பில் இருக்கிறது. 678 எனில் மறுமுனை எடுக்கவில்லை. இவை மூன்றும் கம்பியின் குறைகளைச் சொன்னவை. 691 மட்டும் பயனரைக் குற்றஞ்சாட்டியது: பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்றது.

ஆனால், அக்குற்றச்சாட்டு எப்போதும் உண்மையன்று. அழைப்பை ஏற்கும் கருவி கடவுச்சொல்லைத் தானே அறியாது. ‘ரேடியஸ்’ என்னும் நெறிமுறைப்படி வேறொரு கணினியிடம் கேட்கும். அக்கணினி கடலுக்கு அப்பால் இருந்தால், கேள்வியும் விடையும் 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியே சென்று திரும்ப வேண்டும். அதற்கு அரை நொடியே போதும். எனவே தொலைவு மட்டும் காரணமாகாது. குறுகிய அலைவரிசையில் நெரிசல் மிகும்போதோ, பெருமழை அலையை மங்கச் செய்யும்போதோ விடை வராமலே போகலாம். விடை வராத நிலையைப் பல கருவிகள் ‘மறுப்பு’ என்றே பயனருக்குத் தெரிவித்தன. பயனரோ சரியான கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மறுமுனை மோடம் எடுத்துவிட்டதால் அத்தகைய ஒவ்வொரு முயற்சியும் தொலைபேசிக் கணக்கில் ஓர் அழைப்பாகவே பதிவானது. உள்ளே நுழையாதவரும் கட்டணம் செலுத்தினார். தேர்வு முடிவையோ விண்ணப்பத்தின் இறுதி நாளையோ எதிர்நோக்கியிருந்த மாணவருக்கு இது சிறிய இழப்பன்று.

வரலாற்றாய்வாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சேவை ‘கிடைக்கிறது’ என்று அரசு ஆவணம் கூறும் ஆண்டும், அது மக்களுக்குப் பயன்பட்ட ஆண்டும் ஒன்றல்ல. சந்தாதாரர் எண்ணிக்கையில் தோல்வியுற்ற உள்நுழைவுகளுக்கு இடமில்லை. புவியியலால் நேர்ந்த தடையைத் தனிமனிதரின் தவறாகப் பெயர்மாற்றிய அப்பிழைச்செய்தியை நம்பியே பலர் தம்மைத்தாமே நொந்துகொண்டிருக்கக்கூடும்.

ஆகவே, தீவு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலுள்ள பழைய தொலைபேசிக் கட்டணச் சீட்டுகளையும், பிழை எண்கள் குறித்துவைத்த குறிப்பேடுகளையும் எறிந்துவிடாதீர்கள். கிடைக்காமல் போனவற்றின் வரலாற்றுக்கு அவையே சான்றுகள்.