எல்லைக்கு இருபுறமும் முதுமை

ஆந்திரத்தின் சித்தூரிலிருந்து தமிழ்நாட்டின் வேலூருக்கு 35 கிலோமீட்டர்தான். 1911 வரை இரண்டும் இருந்த வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை டாக்டர் நிர்மலா ரயிலில் கொண்டுபோக, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்துத்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் முதன்முதலாக உறுதியானது. அன்று 25 வயதில் இருந்தவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. 2004-லிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்து பலரை முதுமைவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்த முதுமையை, குறிப்பாகத் திருநங்கையரின், ஒருபால் ஈர்ப்பு ஆண்களின் முதுமையை, இரு மாநிலங்களும் எப்படித் தாங்குகின்றன?

உதவித்தொகையில் ஆந்திரம் முன்னால் நிற்கிறது. சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் திருநங்கைக்கு 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய். ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவருக்கும் அதே தொகை. தமிழ்நாட்டில் ஆதரவற்ற திருநங்கைக்கான ஓய்வூதியம் 1,000 ரூபாயில் தொடங்கி 1,500 ஆனது. மருந்துக்கும் வாடகைக்கும் நடுவே இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

ஆனால் 2008-லேயே திருநங்கையருக்கு நலவாரியம் கண்ட தமிழ்நாடு ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டது. அதன் ஓய்வூதியம் 40 வயதிலேயே தொடங்குகிறது. பதினைந்து வயதில் வீட்டைவிட்டு வந்து, கடைகளில் காசு கேட்டும் பாலியல் தொழில் செய்தும் பிழைத்த உடம்புக்கு நாற்பதே முதுமை. ஆந்திரத்தில் 18 வயது முதல் எல்லோருக்கும் ஒரே தொகை. வயதானவர் என்று தனியே ஒரு கணக்கு இல்லை. தமிழ்நாட்டின் புரிதலும் ஆந்திரத்தின் தொகையும் ஒன்றுசேர வேண்டும் என்பேன்.

இரு பக்கமும் ஒன்றுபோலவே தவறவிடுவது மருத்துவத்தைத்தான். அறுபதைக் கடந்த ஒரு திருநங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் தினம் ஒன்று என டோலுடெகிராவிர் கலந்த மாத்திரை வாங்குகிறார். சர்க்கரைக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் மெட்ஃபார்மின். அங்கே எச்.ஐ.வி. பற்றி அவர் வாய் திறப்பதில்லை. ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்ற கேள்வியிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. டோலுடெகிராவிர் மெட்ஃபார்மினை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தையும் டோலுடெகிராவிரோடு சேர்த்து விழுங்கக்கூடாது. ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ டோலுடெகிராவிரைப் போடவேண்டும். கூடவே இருக்கும் டெனோஃபோவிர் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடக்கூடியது. இளம் வயதில் எச்.ஐ.வி. மட்டுமே நோய். முதுமையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் சேர்கின்றன, ஆனால் சீட்டுகள் மட்டும் தனித்தனியாகவே கிடக்கின்றன.

வயதான ஒருபால் ஈர்ப்பு ஆண்களுக்கென்று இரு மாநிலத்திலும் தனி ஓய்வூதியம் இல்லை. பலர் கல்யாணம் செய்து, பேரன் பேத்தி கண்டு, யாரிடமும் சொல்லாமலே மூப்படைகிறார்கள். தெரிந்த முகம் எதிரே வந்துவிடக்கூடாதென்று பக்கத்து மையத்தை விட்டுத் தூரத்து ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் இரு பக்கமும் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காத வயதில் அந்தப் பயணம் ஒருநாள் நின்றுபோகும். மருந்தும் அன்றோடு நின்றுபோகும்.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இரு மாநிலத்துக்கும் பொது. சிகிச்சை மறுப்பதும், நோயாளியின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதும் அதன்படி தடைசெய்யப்பட்டவை. அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரோடு துணைக்குப் போங்கள்.