கமுதி வழக்கு கற்பித்த பாடம்

நம் குலத்தின் தொன்மையைக் குறித்து இவ்விதழில் கட்டுரைகள் திங்கள்தோறும் வெளிவருகின்றன. பாண்டியர் வழியினர் நாம் என்பாரும், சான்றோர் என்னும் பழம்பெயரே திரிந்து நம்மேல் வழங்கிற்று என்பாரும் தத்தமக்குக் கிடைத்த சான்றுகளை நிரலே காட்டி எழுதுகின்றனர். தமிழ் பயின்றவனாதலின் யானும் அவற்றை விரும்பிப் படிப்பவனே. எனினும் படிக்குந்தோறும் ஒரு வினா உள்ளத்தில் எழுகின்றது. இவ்வாதங்கள் யாவற்றையும் நம் முன்னோர் ஒரு முறை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். அங்கே அவற்றிற்கு நேர்ந்த முடிவு யாது? அம்முடிவினின்றும் நாம் அறியத்தக்கது யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் நம்மவர் நிலை இருவேறு வகைப்பட்டிருந்தது. தென் திருநெல்வேலித் தேரிக்காடுகளில் பெரும்பாலோர் பனையேறி, பதநீர் இறக்கி, கருப்புக்கட்டி காய்ச்சி வாழ்ந்தனர். வடக்கே சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்னும் ஆறு ஊர்களிற் குடியேறியவர்களோ வணிகத்தால் உயர்ந்தனர். வண்டிகளும் மாடுகளும் சரக்குகளும் கள்வர் கைப்படாது தங்குதற்குப் பேட்டைகள் அமைத்தனர். விற்பனையில் ஒரு சிறு பங்கை மகிமை என்று ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தனர். உறவின்முறை என்னும் அமைப்பால் தம்மைத் தாமே ஆண்டுகொண்டனர். கையிற் பொருள் வந்தது. ஆயினும் கோயில் வாயில் திறந்திலது. பொருளாற் பெரியராயினார் பிறப்பாற் சிறியர் என ஒதுக்கப்பட்ட இம்முரண்பாடே பின்வந்த பூசல்கள் அனைத்திற்கும் மூலமாயிற்று.

இதனிடையே எழுத்துலகிலும் ஒரு போர் மூண்டது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1849இல் திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். திராவிட மொழிகளின் பெருமையை 1856இல் உலகறியச் செய்த அப்பேரறிஞர், அம்முந்திய நூலில் நம்மவரை இலங்கையினின்றும் வந்தேறியவர் என்றும், அறிவு வளராதவர் என்றும் இழித்து எழுதியிருந்தார். ஆங்கிலம் கற்ற நம் இளைஞர் கைக்கு அந்நூல் வந்தபொழுது அவர்கள் உள்ளம் புண்பட்டது. சாமுவேல் சற்குணர் போன்றோர் 1880ஆம் ஆண்டுகளில் மறுப்பு நூல்கள் எழுதினர். நாம் க்ஷத்திரியர் என்று நாட்ட முற்பட்டனர். பூணூல் தரித்தாரும் பல்லக்கேறி மணவூர்வலம் போந்தாரும் உளர். குடிக்கணக்கு எடுக்குந்தோறும் அரசாங்கம் சாதிகளைத் தரம் பிரித்து எழுதிய காலம் அது. எழுதியது நிலைத்துவிடும் என்னும் அச்சமும் அம்முயற்சியைத் தூண்டிற்று.

நிற்க. 1897ஆம் ஆண்டு மே மாதத்தில் கமுதியில் வாழ்ந்த நம்மவர் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுட் புகுந்து தாமே வழிபாடாற்றினர். அக்கோயில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பரம்பரை அறங்காவலின் கீழ் இருந்தது. பாஸ்கர சேதுபதி மதுரைக் கீழ்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்குங்காலத்திலேயே பூசல் ஊர்தோறும் பரவிற்று. 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. அடுத்த மாதமே தீர்ப்பு நம்மவர்க்கு மாறாக வந்தது. 1901இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதி செய்தன. மூன்று மன்றங்களிலும் நாம் தோற்றோம்.

ஏன் தோற்றோம்? நீதிபதிகள் வழக்காற்றைக் கண்டனர், பனைத்தொழிலைக் காட்டினர், பாண்டியர் வழி என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர். அத்தீர்ப்பு அநீதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் பக்கத்து வாதத்தையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். 'பிறப்பு நோக்கிக் கோயிலில் ஒருவரைத் தடுப்பது முறையன்று' என்று நம்மவர் வாதிட்டிலர். 'நாங்கள் உயர்ந்த பிறப்பினர். ஆதலின் எங்களைத் தடுத்தல் கூடாது' என்றே வாதிட்டனர். அஃதாவது, தாழ்ந்த பிறப்பினர் என ஒருசாரார் உளர், அவர்களைப் புறத்தே நிறுத்தல் தகும் என்பதை ஒப்புக்கொண்டே வழக்காடினர். ஒரு தராசைச் செம்மையுடையதென்று நாமே கூறி அதன் தட்டில் ஏறி நின்றபின், அது நம்மைக் குறைத்துக் காட்டுங்கால் யாரிடம் முறையிடுவது? இதனை முன்னோர்மேற் குற்றமாகக் கூறவில்லை. அந்நாளில் நீதிமன்றம் செவிசாய்க்கக்கூடிய மொழி அஃதொன்றே என அவர்கள் கருதியிருத்தல் கூடும். ஆனால் அம்மொழி அவர்களுக்குத் துணை செய்யவில்லை என்பது வரலாறு.

பின் நம்மை உயர்த்தியது யாது? வழக்கிற்கு முன்பே 1889இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. ஒவ்வோர் இல்லத்தாரும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளியை வளர்த்தனர். அப்பள்ளியிற் பயின்ற காமராசர் 1954இல் இந்நாட்டின் முதலமைச்சராகி, ஏழைப் பிள்ளைகள் யாவர்க்கும் பள்ளியிற் சோறிட்டார். 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசாங்கப் பதிவுகளில் நாடார் என்னும் பெயரும் ஏற்கப்பட்டது. முப்பதாண்டு முறையீட்டாலும் தீராத பெயர்ப்பூசல், கல்வியும் பொருளும் ஒற்றுமையும் வந்து சேர்ந்தபொழுது தீர்ந்தது.

இன்னும் ஒன்று உண்டு, அதுவே தலையாயது. 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் நம் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபொழுது, ஆதிதிராவிடரை ஏற்றிச் செல்ல மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்துச் செய்வதாக ஆணையிட்டவரும் அவரே. தமக்குத் திறவாத கதவை நினைந்து வருந்தியதோடு அமையாது, பிறர்க்கு அடைத்திருந்த கதவைத் திறக்க முற்பட்ட பெருமகனார் அவர். அதன்பின், 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் தலைமையில் அரிசனங்களும் அவர்களுடன் நாடார் ஒருவரும் நுழைந்தனர். பிற்காலத்தில் அமைச்சரான கக்கனும் அக்குழுவினருள் ஒருவர். அவ்வாண்டிற் பிறந்த சட்டமும், 1947இல் வந்த கோயில் நுழைவுச் சட்டமும் எல்லார்க்கும் வழிவிட்டன. க்ஷத்திரியர் என்று தனித்து நின்று தட்டியபொழுது திறவாத கதவு, நம்மினும் எளியோருடன் தோளொடு தோள் சேர்ந்து சென்றபொழுது திறந்தது.

ஆதலின், அன்பர்களே, இக்காலத்து நம் இளைஞர் சிலர் சுவரொட்டிகளில் 'ஆண்ட பரம்பரை' என்று எழுதி மகிழ்வதைக் காணுங்கால் என் உள்ளம் மகிழ மறுக்கின்றது. அவர்களை இழித்துரைக்க அஞ்சுகிறேன். அவர்கள் மாற்ற நினைப்பது பாட்டன்மார் பட்ட புண்ணையே. ஆனால் அக்கூற்று கமுதியில் தோற்ற அதே வாதம் என்பதை அவர்கட்கு எடுத்துரைத்தல் மூத்தோர் கடன். சான்றோர் என்பது நம் பழம்பெயரே எனக் கொள்வோமாயின், திருக்குறளின் 99ஆம் அதிகாரமாகிய சான்றாண்மையை ஒருமுறை எடுத்துப் படிப்போமாக. அங்கே வள்ளுவனார் குலத்தைக் கூறவில்லை, குணங்களையே கூறுகின்றார்.

நம் கடையிற் பணிசெய்பவரை, நம் தெருவழிச் செல்பவரை, நம் பள்ளியில் இடங்கேட்டு வருபவரை, நம் இல்லத்து மணத்திற்கு வருபவரை நாம் எந்த வாயிலில் நிறுத்துகிறோம்? கமுதிக் கோயில் வாயிலில் நின்ற நம் பாட்டனார் இவ்வினாவை நம்மிடம் கேட்கின்றார். அவர்க்கு நாணமின்றி விடை கூறவல்ல நாளே நாம் அவ்வழக்கில் வென்ற நாளாகும்.