சரிபார்த்துக்கொள்ளச் சொன்ன தாள்

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மின்மயமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த பாதையில், மூன்று பெட்டிகளுடன் அட்லாண்டிக் சிட்டியை நெருங்கிக்கொண்டிருந்த ரயில், படகுகளுக்காகத் திறந்து மூடும் பாலத்தில் தடம்புரண்டு நீரில் விழுந்தது. 53 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் விபத்து என்றால் வாயைத் திறக்கமாட்டா. நிருபர்களை அருகில் விடாமல் தடுப்பதுதான் வழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனிக்கு அப்போது ஆலோசகராக இருந்த ஐவி லீ வேறு வழியில் போனார். நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தவர் அவர். கம்பெனி பேசாவிட்டாலும் நாளைய பத்திரிகையில் செய்தி வரத்தான் போகிறது என்பது அவருக்குத் தெரியும். நடந்ததைக் கம்பெனியின் பெயரிலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அக்டோபர் 30 அன்று நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் பிரஸ் ரிலீஸின் வரலாற்றை இந்தத் தாளிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

அதே ஆண்டில் லீ இன்னொன்றையும் எழுதினார். நிலக்கரி முதலாளிகளுக்காக வேலை செய்தபோது, பத்திரிகை ஆசிரியர்களுக்கு அனுப்பிய சுருக்கமான கொள்கை அறிக்கை அது. எங்கள் வேலை வெளிப்படையானது, நாங்கள் தருவது செய்தி, விளம்பரம் என்று தோன்றினால் போடாதீர்கள், சொன்னதெல்லாம் சரியானது, கூடுதல் விவரம் கேட்டால் உடனே தருவோம், எந்தத் தகவலையும் நீங்களே நேரடியாகச் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். விபத்து அறிக்கையைவிட இந்த வாக்குறுதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடைசி வரி இல்லையென்றால் பிரஸ் ரிலீஸுக்கும் கூலிக்கு எழுதிய துதிக்கும் வித்தியாசமே கிடையாது.

அந்த வரியை முதலில் மீறியவரும் அவரே. 1914 ஏப்ரலில் கொலராடோவின் லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. கூடாரத்துக்கு அடியில் வெட்டியிருந்த குழிக்குள் ஒளிந்த இரண்டு பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சடைத்து இறந்தார்கள். அங்கிருந்த பெரிய சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. நாடே கொதித்தபோது லீயை அழைத்தார்கள். முதலாளிகள் தரப்பை விளக்கும் வெளியீடுகளைத் தொடர்ந்து அச்சிட்டு அனுப்பினார் லீ. அவற்றுள் ஒன்றில், தொழிற்சங்கத் தலைவர்கள் ஓராண்டில் வாங்கிய தொகை ஒன்பது வாரச் சம்பளமாகக் காட்டப்பட்டிருந்தது. சங்கத் தலைவர்கள் தொழிலாளர் காசில் கொழிக்கிறார்கள் என்று படிப்பவர் நினைக்கும்படியான பிழை. அரசு அமைத்த தொழில் உறவு ஆணையம் விசாரித்தபோது, முதலாளிகள் கொடுத்த தகவல் சரியா என்று பார்க்கத் தாம் எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்று லீ ஒப்புக்கொண்டார். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்று எட்டே ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்தவர், தாமே சரிபார்க்கவில்லை. நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அவர் பெயரோடு விஷத்தைச் சேர்த்துப் பட்டப்பெயர் வைத்தார். அது லீ இறந்து இத்தனை காலம் ஆகியும் அழியவில்லை.

மேலதிகாரி கையில் கொடுத்த எண்ணை அப்படியே தாளில் ஏற்றிவிட்டு, ‘எனக்குக் கொடுத்ததைத்தான் போட்டேன்’ என்று சொல்லும் மக்கள் தொடர்பு அதிகாரி எவரும் லட்லோவின் கதையை ஒருமுறை படிக்க வேண்டும். தாளில் கீழே இருக்கும் தொலைபேசி எண் அவருடையது. கேள்வி வந்தால் அவரிடம்தான் வரும்.

அதன்பின் தாள் வேகம் பிடித்தது. 1919இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் உள்துறையில் சிறு பிரிவாகத் தொடங்கிய பத்திரிகை தகவல் அலுவலகம் இன்று தமிழிலும் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. 1954இல் நியூயார்க்கில் பிஆர் நியூஸ்வயர் என்ற சேவை வந்தபின், ஆள் கொண்டுபோய்க் கொடுத்த அறிக்கை டெலிபிரிண்டர் வழியாகச் செய்தி அறைகளுக்கு நேரே போனது. பிறகு இணையம். நிருபரைத் தொடாமலேயே பங்குச்சந்தைத் தரகரின் திரைக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது.

இந்த வேகத்துக்கான விலை 2000 ஆகஸ்ட் 25 அன்று தெரிந்தது. கலிபோர்னியாவின் எமுலெக்ஸ் என்ற கம்பெனியின் தலைமை அதிகாரி விலகிவிட்டார், லாபக் கணக்கைத் திருத்தப்போகிறார்கள் என்று ஓர் அறிக்கை இன்டர்நெட் வயர் என்ற சேவை வழியாக வந்தது. செய்தி நிறுவனங்கள் அதை எடுத்துப் போட்டன. பங்கு ஏறக்குறைய 60 சதவீதம் சரிந்தது. சந்தை மதிப்பில் 200 கோடி டாலருக்கு மேல் காணாமல் போனது. அறிக்கை முழுப் பொய். அந்தச் சேவையில் முன்பு வேலை பார்த்த இளைஞர் ஒருவர் பங்கு வணிகத்தில் பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட எழுதி அனுப்பியது. வடிவம் கச்சிதமாக இருந்ததால் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் ஊர்ச் செய்தி அறைக்கு வரும் அறிக்கை பொய்யாக இருப்பது அரிது. அது வேறு வகையில் செத்துப்போகிறது. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், உதவி ஆசிரியரின் கணினியில் திறந்ததும் குப்பையாகத் தெரியும். ‘இன்று நடைபெற்றது’ என்றிருக்கும், எந்தத் தேதி என்றிருக்காது. படத்தில் ஏழு பேர் நிற்பார்கள், இடமிருந்து வலமாக யார் யார் என்று இருக்காது. ஆங்கிலத்தில் மட்டும் வந்த பெயரை எப்படி எழுதுவது என்று கேட்க அழைத்தால், மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் எடுக்கமாட்டார்கள். பக்கம் முடிக்கும் நேரத்தில் உதவி ஆசிரியர் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். அவரைக் குறை சொல்லவே முடியாது. முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது என்று சொல்லி, விவரம் தெரிந்த ஒருவரின் எண்ணைப் போட்டு, அவர் இரவு பத்து மணி வரை போனை எடுத்தால் போதும். சொல் அலங்காரம் எதுவும் வேண்டாம்.

லீ தாமாகக் கொடுத்த வாக்கு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு இப்போது சட்டமாகவே வந்துவிட்டது. இயக்குநர் குழு எடுத்த முக்கிய முடிவுகளை, கூட்டம் முடிந்த 30 நிமிடத்தில் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023இல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதியைத் திருத்தியது. சந்தை நேரத்துக்குப் பிறகு முடியும் கூட்டங்களுக்குப் பின்னர் கொஞ்சம் தளர்த்தியது. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2024 ஜூன் முதலும், முதல் 250 நிறுவனங்கள் அதே ஆண்டு டிசம்பர் முதலும், முக்கிய ஊடகங்களில் வந்த வதந்தியால் பங்கு விலை கணிசமாக அசைந்தால், அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் உண்மை என்றோ, பொய் என்றோ, விளக்கமாகவோ பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எழுத உட்காருபவர், கணக்குப் பிரிவிலும் சட்டப் பிரிவிலும் யாரை எழுப்பிக் கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.