சூப் யாருக்கு, சதை யாருக்கு?

நான் செமினியிலிருந்து வருகிறேன்.

"காய்ச்சல்காரப் பிள்ளையா? கோழி எலும்பைப் போட்டு சூப் வச்சுக் கொடு!" இதைச் சொல்லாத பாட்டி நம் தோட்டப்புறத்தில் உண்டா? அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1890களில் எங்கள் பக்கத்து ஊரான காஜாங்கில், இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் நட்டார்கள். பிறகு சுற்றுவட்டாரம் முழுக்க ரப்பர் காடுதான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது; கங்காணிகள் ஆள் கூட்டி வருவது 1938 வரை நடந்தது. அப்படி வந்தவர்களுக்கு லயத்து வீட்டில் கோழி என்ன தினசரிக் கறியா? தீபாவளிக்கு, விருந்தாளிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு. ஒரு கோழியை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் எலும்பைக் கூட விட முடியுமா? வறுமைதான் சூப்பைக் கற்றுக் கொடுத்தது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1679இல் டெனிஸ் பாப்பின் எலும்பையே குழைய வைக்கும் ஒரு பாத்திரம் செய்தார். இன்றைய பிரஷர் குக்கருக்கு அதுதான் பாட்டன்! பின்னர் பாரிஸில் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் சூப்பாக ஊற்றினார்கள். இறைச்சிக்கு ஈடு என்றார்கள். ஈடானதா? 1841இல் மஜாந்தி தலைமையிலான குழு அறிக்கை தந்தது: ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் பிழைக்கவில்லை. காரணம் இன்று தெரியும். உடம்புக்கு அவசியமான டிரிப்டோஃபான் என்ற புரதக்கூறு ஜெலட்டினில் கிடையாது. எலும்புச் சாற்றில் சுண்ணாம்புச் சத்தும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காய்ச்சலில் கிடந்த என் தங்கை மகளுக்குப் பத்து நாளாக சூப் கொடுத்தோம். பிள்ளை இன்னும் மெலிந்தாள். டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சூப் பிள்ளைக்கு, சரி. சதையை யார் சாப்பிட்டது?" நாங்கள் தலை குனிந்தோம். சாப்பிட்டது நாங்கள்தானே!

அப்படியானால் சூப் வீணா? இல்லவே இல்லை. வாய் கசந்தவருக்கு நீரும் உப்பும் சூடும் சேர்ந்து இறங்கும், பசியைத் தூண்டும். ஆனால் அது சாப்பாட்டுக்கு வாசல். அதுவே சாப்பாடு ஆகாது.

ஆகவே தாய்மார்களே, நாட்டுக்கோழியைச் சதையோடு குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். பொங்கும் நுரையை எடுத்துவிடுங்கள். சதை வெந்ததும் பிய்த்து வைத்துக்கொண்டு, எலும்பை மட்டும் இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சளோடு சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இடித்த மிளகு சீரகம் தூவி இறக்குங்கள். கடைசியில், மறக்காமல், அந்தச் சதையைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுக் குழைந்த சோற்றோடு பிள்ளைக்குக் கொடுங்கள்.

எலும்பை நாம் கடித்துக்கொள்ளலாம்.